திருப்பி அனுப்பிய ரத்த அழுத்தக் கருவிக்குப் பணம் வராதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: தவறான அளவில் வந்த கருவியை எடுத்துச் சென்று 58 நாள் ஆகியும் பணம் திரும்ப வராதது

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த விஷயமாக நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம் இது. முதல் ஆறுக்கும் புகார் எண் போட்ட தானியங்கிப் பதில் மட்டும்தான் வந்தது. இதையாவது ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வீட்டிலேயே தினமும் ரத்த அழுத்தம் பார்க்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பாவின் மேல்கைச் சுற்றளவு 40 செ.மீ. நாடாவை வைத்து அளந்துகொண்டுதான் உங்கள் தளத்தில் தேடினேன். 'பெரிய பட்டை, 32 முதல் 42 செ.மீ. வரை' என்று போட்டிருந்த கருவியைத் தேர்ந்தெடுத்து, முழுத் தொகையையும் கிரெடிட் கார்டில் கட்டினேன். பெட்டியின் மேலும் அதே அளவுதான் அச்சாகியிருந்தது. உள்ளே இருந்த பட்டையோ 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது. ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அந்த எண்ணை அன்று நான் கவனிக்கவில்லை.

அன்று இரவு அப்பாவுக்குப் பார்த்தபோது மேல் எண் 166 காட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தோம், அதேதான். பட்டை கையில் சரியாகச் சுற்றவே இல்லை, வெல்க்ரோ நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோய் அந்த நேரத்தில் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சரியான பட்டை வைத்துப் பார்த்ததில் 144. நாங்கள் கொண்டுபோன பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த செவிலியர், கைக்குச் சின்னதான பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும் என்றார். அந்த எண்ணை நம்பி யாராவது மாத்திரையைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பட்டை மாறி வந்ததைச் சின்னத் தவறு என்று என்னால் விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

மறுநாளே ரிட்டர்ன் போட்டேன். நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் உங்கள் ஆள் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம், 'உங்கள் பணம் அனுப்பப்பட்டுவிட்டது, 5 முதல் 7 வேலை நாளில் வந்து சேரும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்களிடமிருந்து வந்த கடைசி உருப்படியான தகவல் அதுதான்.

ஏழு வேலை நாள் கழிந்ததும் கேட்கத் தொடங்கினேன். சாட்டில் மூன்று முறை '72 மணி நேரம் பொறுங்கள்' என்றார்கள். தொலைபேசியில் ஒருமுறை 40 நிமிடம் காத்திருந்தேன், அழைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டது. கடைசியாகப் பேசியவர், தாமதம் என் வங்கியில்தான் என்றார். சரி என்று வங்கிக்குப் போனேன். உங்களிடமிருந்து எந்த வரவும் இல்லை என்று சொல்லி, கணக்கு விவரத்தையும் எடுத்துத் தந்தார்கள். கூடவே ஒரு வழியும் சொன்னார்கள். கார்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் ஏஆர்என் என்று 23 இலக்க எண் ஒன்று உண்டு, அதை வாங்கி வந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்கிறோம் என்றார்கள். உண்மையிலேயே பணத்தை அனுப்பியிருந்தால் அந்த எண் உங்கள் பதிவில் இருக்கும், எடுத்துத் தர அதிக நேரம் ஆகாது. அதைக் கேட்ட உடனே சாட் மூடப்பட்டது. மறுநாள் என் புகாரின் மேல் 'தீர்க்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. எதைத் தீர்த்தீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் எண்ணில் யாரும் எடுக்காததால் இணையத்தில் தேடி, உங்கள் பெயரில் இருந்த வேறொரு எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார், பணத்தை உடனே போட்டுவிடுகிறேன், கைபேசிக்கு வரும் ஓடிபியை மட்டும் சொல்லுங்கள் என்றார். கார்டுக்குப் பணம் திரும்பி வர ஓடிபி தேவையில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். என் அப்பா பேசியிருந்தால் சொல்லியிருப்பார். நீங்கள் தொலைபேசியை எடுக்காத ஒவ்வொரு நாளும் உங்கள் வாடிக்கையாளர்கள் இப்படிப்பட்டவர்களிடம் போய் மாட்டுகிறார்கள். அந்தப் போலி எண்ணை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள்.

'பொறுங்கள்' என்று நீங்கள் சொல்லும் நாட்கள் எனக்கு இலவசம் இல்லை. கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் முறைக்குக் கெடு உண்டு. இப்படிப்பட்ட புகார்களுக்கு விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் அது பொதுவாக 120 நாள். அதில் ஏறக்குறைய பாதி உங்களுக்காகக் காத்திருந்ததிலேயே போய்விட்டது. இனி நாள் கடத்த நான் தயாராக இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் முழுத் தொகையும் நான் கட்டிய அதே கார்டுக்கு வர வேண்டும். ஏற்கெனவே அனுப்பியது உண்மையானால், அனுப்பிய தேதியையும் 23 இலக்க ஏஆர்என் எண்ணையும் எழுத்தில் தாருங்கள். போன வாரம் உங்கள் செயலியில் காட்டிய கூப்பன் எனக்கு வேண்டாம், அதை ஏற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பொருளும் உங்களிடம், பணமும் உங்களிடம் என்று இருக்கும்போது அங்கேயே இன்னொன்று வாங்கிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

பிக்கப் ரசீது, பணம் அனுப்பியதாக வந்த குறுஞ்செய்தி, சாட் பதிவுகள், வங்கிக் கணக்கு விவரம், பெட்டியும் பட்டையும் அளவு தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதே கட்டுடன் சார்ஜ்பேக் படிவத்தையும் நுகர்வோர் அமைப்புக்கான மனுவையும் நிரப்பி வைத்துவிட்டேன். எட்டாம் நாள் காலை இரண்டையும் கொடுத்துவிடுவேன்.

அதே தளத்தில் அந்தக் கருவி இன்றும் 'பெரிய பட்டை' என்றுதான் விற்பனையில் இருக்கிறது. என் பணம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த விளம்பரத்தை இன்றே நிறுத்திவிட்டுக் கிடங்கில் இருக்கும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஆர்டரில் உள்ள பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் உரிய வாடிக்கையாளர்