கண்வலிப் பூவா, காந்தளா?

அன்பு மகளுக்கு,

படம் கிடைத்தது. வேலியோரம் தானாக வந்த கொடியை ஒருவர் கார்த்திகைப் பூ என்கிறார், இன்னொருவர் கண்வலிக் கிழங்கு என்கிறார், எதும்மா சரியான பேர் என்று கேட்டிருக்கிறாய். ரெண்டும் சரிதான். இன்னும் மூணு நாலு பேர் உண்டு, அவையும் சரி.

ஒரே செடியை ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த மாதத்தில் பூக்கிறது என்று பார்த்தவருக்குக் கார்த்திகைப் பூ. மண்ணைக் கிளறியவர் கண்ணில் பட்டது கவைத்துக் கிடக்கும் கிழங்கு. ஏர் மாதிரி இருக்கிறதே என்று கலப்பைக் கிழங்கு என்றார். இலையைப் பார்த்தவர் தலைச்சுருளி என்றார். நீயும் பாரேன்: பற்றிக்கொள்ள இந்தக் கொடிக்குத் தனியாகக் கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். சங்கப் புலவர்கள் காந்தள் என்றார்கள், பெண்களின் விரலுக்கு உவமை சொன்னார்கள். அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து நிற்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான்.

உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று சொல்லிச் சொல்லியே கண்வலிப் பூ ஆயிற்று. சின்னதில் நீ கண்ணைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டி ஓடுவாய். பார்ப்பதால் ஒன்றும் வராது. ஆனால் செடியில் எதுவும், முக்கியமாகக் கிழங்கு, வாயில் போனால் உயிருக்கே ஆபத்து. அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சைக் கொஞ்சமாக அளந்து மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகத் தருகிறார்கள், அது வேறு கதை. குட்டியை அந்தப் பக்கம் விடாதே.

நித்தியகல்யாணிக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. வருஷம் முழுக்கப் பூக்கிறது என்று ஒருவர் மங்கலமாகப் பேர் வைத்தார். இடுகாட்டில் பார்த்தவர் சுடுகாட்டு மல்லி என்று சொல்லிவிட்டுப் போனார். மடகாஸ்கரிலிருந்து வந்த செடிக்கு இப்படி இரண்டு தலையெழுத்து. தாத்தா பூவும் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான், ஆனால் நம் பிள்ளைகள் அதன் தலையைச் சுண்டி விளையாடி உறவுமுறையே கொடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு அது மூக்குத்திப் பூ, காயத்தில் சாறு பிழிந்தவருக்கு வெட்டுக்காயப் பூண்டு.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உதவாது என்று தோன்றிய செடிக்கெல்லாம் நாயையும் பேயையும் முன்னால் ஒட்டிவிடுவார்கள்: நாய்வேளை, நாய்த்துளசி, பேய்த்துமட்டி. நாய் என்ன பாவம் செய்தது? ஆடுதீண்டாப்பாளை பரவாயில்லை, ஆடு வாய் வைக்காது, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆடு ஒதுக்கியதில்தான் சில பட்டாம்பூச்சிகள் தேடி வந்து முட்டையிடுகின்றன.

பேர் தெரிந்த நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன். ஒரு மழைக்குப் பிறகு புல் மண்டிவிட்டதென்று கொத்திப் போட்டேன். வாடிக் கிடந்ததைக் கூட்டி அள்ளும்போது பார்த்தால், ஒரு நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு இளஞ்சிவப்புப் பூ. ஓரிதழ்த்தாமரை! உண்மையில் இதழ் ஐந்து. நாலு பொடிசாக ஒளிந்துகொள்ளும், ஒன்று மட்டும் அகலமாகத் தொங்கும். பூக்கிறவரை புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் எதையும் ஒருமுறை பூக்கவிட்டுப் பிடுங்கு.

உன் படத்தில் இடது ஓரம் இன்னொரு கொடி தெரிகிறது. முடக்கத்தான் என்று சந்தேகம். முடக்கை அறுப்பவன், முடக்கறுத்தான். காய் பலூன் மாதிரி உப்பியிருக்கும். காய்ந்ததும் ஒன்றை உடைத்துப் பார். கறுப்பு விதையில் வெள்ளையாக ஒரு இதயம் வரைந்திருந்தால் அதுவேதான். இருந்தால் நாலு விதை எனக்கு எடுத்து வை.

அன்புடன்,
அம்மா