டீச்சருக்கு என்ன பூ?

சேலம்,
மாசி மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? சந்தோஷம். இங்கே எனக்கு முழங்கால் வலிதான் துணை.

பங்குனியில் வரும்போது டீச்சருக்கு என்ன பூ வாங்கி வருவது என்று கேட்டிருந்தாய். பொக்கே மட்டும் வேண்டாம். போன ஆடியில் அவருக்கு 75 முடிந்தது, சார் போன பிறகு வந்த முதல் பிறந்தநாள். பழைய மாணவர்கள் கொடுத்த பொக்கே மூன்று டி.வி. ஸ்டாண்டு மேல் கிடந்தன, தாளைக்கூடப் பிரிக்கவில்லை. ஜெர்பரா பார்க்க அழகுதான், மூக்கை வைத்தால் ஒன்றுமில்லை.

அன்று காலை நானும் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் அரைமணி நேரம் சுற்றினேன். ஆடிப் பண்டிகை நேரம். பனமரத்துப்பட்டி அரளி மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. அது சாமிக்கு. செண்டுமல்லி, கோழிக்கொண்டையெல்லாம் மாலைக்கு. சன்னமல்லிக்காரம்மா நாலு முழம் அளந்து கையில் வைத்தே விட்டார். ஞாபகம் இருக்கிறதா, டீச்சர் போர்டு பக்கம் திரும்பினால் முதல் பெஞ்சு வரைக்கும் மல்லி மணக்குமே! ஆனால் சார் போன நாளிலிருந்து அவர் தலையில் பூ வைப்பதில்லை. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. அதற்காக, நாத்தனாரும் கொழுந்தனாரும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் அவர் தலையை வைத்து நான் புரட்சி பண்ணலாமா? திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தம்மா முறைத்த முறைப்பு!

கடைசியில் பக்கத்து வீட்டுக் கொல்லையில் மனோரஞ்சிதம் கிடைத்தது. இலை நிறத்திலேயே ஒளிந்திருக்கும், மஞ்சளாகப் பழுக்கும்போதுதான் வாசனை வரும். மூக்கை வைத்துத்தான் தேட வேண்டும். இரண்டே பூ. வாழையிலைக் கீற்றில் மடித்துக் கொண்டுபோனேன். டீச்சர் வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். எந்தப் பழத்தை நினைத்தாலும் அந்த வாசனை வரும் என்பார்களே, "என்ன நினைச்சீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"பலாப்பழம். ஏற்காடு போனா அவர் முழுசா ஒண்ணு தூக்கிட்டு வந்துடுவார்."

சாயங்காலம் நான் கிளம்பும்வரை அந்தக் கை திறக்கவில்லை.

உனக்கு வேறொரு யோசனை வைத்திருக்கிறேன். பங்குனியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் எட்டுப் பத்து நாளில் ஏற்காட்டில் காப்பி பூத்துவிடும். செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று, மல்லி மாதிரியே மணக்கும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் வாடிவிடும். பறிக்கவும் கூடாது, பூ போனால் காய் போச்சு, எஸ்டேட்காரர் சும்மா விடமாட்டார். அதனால் டீச்சரையே கூட்டிக்கொண்டு போய்விடலாம். தலையில் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை.

கார் சொல்லிவைக்கிறேன். மழை விழுந்ததும் போன் பண்ணுவேன், நீ அப்போது டிக்கெட் போட்டால் போதும். கொண்டை ஊசி வளைவு 20 இருக்கிறது, உனக்கு ஏழாவதிலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழம் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரி