ஜெராக்ஸ் கடையில் பார்த்த அண்ணனுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயலில் வேதாரண்யத்தில் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை பாதிக்கு மேல் போய்விட்டது. வீட்டுக்கடனோடு எடுத்த காப்பீட்டில் புயல் சேதமும் அடங்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஜெனரேட்டரில் ஓடிய ஜெராக்ஸ் கடையில், பின்னால் நின்ற நீங்கள்தான் பாலிசியை வாங்கிப் படித்துச் சொன்னீர்கள்.

“இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கிறவரைக்கும் உடைஞ்ச ஓட்டை அள்ளிப் போட்டுடாதம்மா. போட்டோ எடு. தார்ப்பாய் வாங்கின பில்லைக்கூடப் பத்திரமா வை.”

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட இருந்தோம்! அப்புறம் கொத்தனாரிடம் மதிப்பீடு எழுதி வாங்கச் சொல்லி, கிளெய்ம் படிவத்தையும் நிரப்பித் தந்தீர்கள். உங்கள் வீட்டிலும் கூரை இல்லை என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னீர்கள்.

பணம் வந்தது, ஓடும் மாற்றிவிட்டோம். பெயரைக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. ரொம்ப நன்றி அண்ணே.