சொந்தமாக விமானம் கட்டும் கோலாலம்பூர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

வார இறுதி முழுவதும் கொட்டகையில் நின்று, கிட் வாங்கி, ரிவெட் அடித்து விமானம் கட்டுகிறீர்கள். சுபாங்கில் எஞ்சின் பழுதுபார்க்கும் எனக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். அதனால் நேராகவே கேட்கிறேன்: பெயின்ட் அப்புறம் அடிக்கலாம், எரிபொருள் ஓட்டத்தைச் சோதித்துவிட்டீர்களா?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இப்படிப்பட்ட விமானங்களைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. விபத்துகளில் அதிகம் தென்பட்டவை எஞ்சின் சக்தி போவதும் கட்டுப்பாடு இழப்பதும்தான். எஞ்சின் நல்ல கம்பெனியுடையதாக இருக்கும், ஆனால் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை குழாய், ஃபில்டர், வால்வு எல்லாம் நம் கைவேலை, அங்கேதான் எனக்குப் பயம்.

சோதனை எளிது. வெளியிடத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏறும் கோணத்தைவிடச் சற்று அதிகமாக மூக்கைத் தூக்கி வையுங்கள். தொட்டியில் குறைவாகவே எரிபொருள் இருக்கட்டும். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்து நேரம் பாருங்கள். முழு த்ராட்டலில் எஞ்சின் குடிப்பதில் 125 சதவீதம் பம்ப் வழியாக வர வேண்டும், பம்ப் இல்லாமல் தானாக இறங்குவதென்றால் 150. மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு பம்ப் வழியாக 34 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

தொட்டி மாற்றும் வால்வு எங்கே இருக்கிறது, பறக்கும்போது கை எளிதாக எட்டுமா என்பதையும் பாருங்கள். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாக் கடலோரம் விழுந்து இறந்த விமானத்தில், வரைபடப்படி கால்களுக்கு நடுவே இருக்க வேண்டிய தொட்டி மாற்றும் வால்வைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். விமானத்தைக் கட்டியவர் ஒருவர், இறந்தவர் இன்னொருவர். நீங்கள் கட்டியதை நாளை யாரோ வாங்குவார்கள், அவரையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, எல்லாம் செய்தும் ஏறும்போது எஞ்சின் நின்றுவிட்டால்? கீழே செம்பனையும் ஈயக்குட்டையும் வீடுகளுமாகத் தெரியும்போது, பின்னால் இருக்கும் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் மனம் இழுக்கும். தாழ்வான உயரத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஓடுபாதைக்கு நேராக வர 180 டிகிரி போதாது, இன்னும் திரும்ப வேண்டும். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) ஏறத்தாழ 19 சதவீதம் கூடும், 50 நாட் கிட்டத்தட்ட 60 ஆகிவிடும், இழுக்கச் சக்தியும் இருக்காது. உடனே மூக்கைத் தாழ்த்தி, முன்னால் கிடைக்கும் இடத்தில், கட்டுப்பாடு போகாமல் மெதுவாக இறக்குங்கள். இறக்கை முறிந்தால் முறியட்டும், அதை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன் என்று மாணவர் வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லாதவரை ஏற விடாதீர்கள்.

யாருடைய முதல் பறப்பு அடுத்து வருகிறதோ, அவர் கொட்டகையிலேயே தொடங்கலாம். வாளியும் ஸ்டாப்வாட்சும் நான் கொண்டு வருகிறேன். ஒரு ஞாயிறு காலை போதும்.

அன்புடன்,
சுபாங்கிலிருந்து ஓர் எஞ்சின் மெக்கானிக்