ஒரு போன் போட்டிருக்கலாமே

பாளையங்கோட்டை,
ஆடி 5

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. மதினிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் சொகம். சாரல் காற்று பாளையங்கோட்டை வரைக்கும் வருகிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திரிக்க மனசில்லை.

வாசகசாலையில் 1996-ல் வந்த ரோமியோ ஜூலியட்டைப் போடப்போகிறேன், நம்ம சனம் எப்படி எடுத்துக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல தேர்வு. ஆனால் தேதியை மாற்றுங்கள். நீங்கள் சொல்கிற ஞாயிறு ஆடி அமாவாசையை ஒட்டி வருகிறது. அம்பாசமுத்திரமே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் காரையாறு ஏறிவிடும், மிச்சம் இருப்பவர்கள் வண்டி நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு அடுத்த வாரம் வையுங்கள். மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று மின்வாரியத்தில் கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள். இன்னொன்று, வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடி பொதுக்காட்சிக்குச் செல்லாது. படத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பழைய வசனத்தை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். இயக்குநர் பாஸ் லுர்மன் கதையை இந்தக் காலத்துக் கடற்கரை நகரத்துக்குக் கொண்டுவந்தார், பேச்சை மட்டும் ஷேக்ஸ்பியரின் பேச்சாகவே விட்டார். சனம் பத்து நிமிடம் முரண்டு பிடிக்கும், பிறகு காது பழகிவிடும். பாட்டும் செய்யுளுமாகப் பேசுகிற ராஜாக்களை விடிய விடிய பார்த்த ஊர் நம்முடையது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி பழைய திருநெல்வேலிச் சீமைதானே. சனம் முறைக்கிற இடம் வேறு. கல்லறைக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால், பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சத்தமாகச் சொல்வான்: "ஒரு போன் போட்டிருக்கலாமே!" பழைய சோகநாடகத்தை இந்தக் காலத்தில் வைத்து எடுக்கிற எந்தப் படத்துக்கும் உயிர்நாடி அந்தக் கேள்விதான். போன், போலீஸ், கோர்ட்டு, பஸ் எல்லாம் இருக்கிற உலகத்தில் இரண்டு பிள்ளைகள் சாக வேண்டுமென்றால், தப்பிக்கிற வாசல் ஒவ்வொன்றையும் படம் நம் கண்ணுக்கு முன்னால் அடைத்துக் காட்ட வேண்டும். ஒரு வாசலைத் திறந்து விட்டுவிட்டால் அங்கேயே சனம் வெளியே போய்விடும், உடம்பு மட்டும் நாற்காலியில் இருக்கும்.

நாடகத்தில் அந்த வாசலை அடைப்பது கொள்ளைநோய். ஜூலியட் மருந்து குடித்துச் செத்தமாதிரிக் கிடப்பாள், உண்மையில் சாகவில்லை என்ற கடிதத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார் ஜான் என்ற துறவி. நோய் கண்ட வீட்டுக்குள் அவர் இருந்ததாகச் சந்தேகப்பட்டு, வெளியே விடாமல் கதவை முத்திரை வைத்து அடைத்துவிடுகிறார்கள். 1990-களில் இதைப் படித்தவர்களுக்கு இது ஒட்டவைத்த காரணமாகத் தெரிந்தது. 2020-ல் தெருவைத் தகரம் அடித்து மூடியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை, சொன்ன உடனே தலையாட்டுவார்கள். படம் அதை எடுத்துவிட்டு கூரியரை வைத்தது. ரோமியோ நாடுகடத்தப்பட்டு, பொட்டல்காட்டில் ஒரு டிரெய்லர் வீட்டில் கிடக்கிறான். கூரியர்காரர் வந்து கதவைத் தட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று சீட்டு வைத்துவிட்டுப் போகிறார். அவன் கண்ணில் அந்தச் சீட்டு படுவதில்லை. அந்தக் காட்சி சில வினாடிதான் வரும். அந்த நேரம் பார்த்து யாராவது கதவைத் திறந்து வெளிச்சம் விழுந்தாலோ, முறுக்குப் பொட்டலம் சுற்றுக்கு விட்டாலோ போச்சு. காரணத்தைப் பார்க்காதவர்கள்தான் பிறகு "போன்" என்று கேட்பார்கள். டிரெய்லர் வந்ததும் வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, யாரும் உள்ளே வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தமிழ் சப்டைட்டில் நீங்களே போடுவதாக எழுதியது எனக்கு ரொம்ப சந்தோசம். அதில் நாலைந்து இடம் கவனம் வேண்டும். முதல் சண்டை பெட்ரோல் பங்கில். எல்லார் கையிலும் துப்பாக்கி, வாயில் மட்டும் "வாள்". மொழிபெயர்ப்பவர்கள் இங்கே புத்திசாலித்தனமாகத் "துப்பாக்கி" என்று திருத்திவிடுகிறார்கள். கூடாது. கேமரா துப்பாக்கியின் பக்கத்தில் போய், அதில் கம்பெனிப் பெயராக "வாள்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைக் காட்டுகிறது. "வாளைக் கீழே போடுங்கள்" என்றே வையுங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பொறிப்பைக் கண்டதும் "ஓ, இப்படியா" என்று இன்னொரு சிரிப்பு வரும். அந்த இரண்டாவது சிரிப்பு வந்துவிட்டால் சனம் படத்தின் விதியை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

நீச்சல்குளக் காட்சியில் ஜூலியட் கேட்கிற கேள்வியை மெஷினில் போட்டால் "ரோமியோ, நீ எங்கே?" என்று வரும். தப்பு. அவள் கேட்பது "நீ ஏன் ரோமியோவாப் பிறந்தே?" என்றுதான். பெயரைச் சொன்னால் வீடு தெரிந்துவிடுகிற இடத்தில் இருக்கிற பெண்பிள்ளை கேட்கிற கேள்வி அது. நம்ம ஊர்ச் சனத்துக்கு அந்த வரி நெஞ்சில் தைக்கும், அதை எங்கே என்று கேட்கவைத்து வீணாக்காதீர்கள். ரோமியோவின் நண்பன் மெர்க்குஷியோ சாகும்போது விடுகிற சாபத்துக்கு நம்ம பேச்சே சரி: "ஒங்க ரெண்டு குடும்பமும் வெளங்காமப் போவ." செவிலித்தாய்க்கும் நெல்லைத் தமிழ் பொருந்தும். ரோமியோ, ஜூலியட் இரண்டு பேருக்கும் மட்டும் வட்டார வழக்கு வேண்டாம், காதல் இடத்தில் சனம் சிரித்துவிடும்.

ஒரு வரியில் ஐந்தாறு சொல், ஒரு சமயத்தில் இரண்டு வரி, அதற்கு மேல் கூடாது. ஒரு வினாடிக்குக் குறையாமலும் ஏழு வினாடிக்கு மேல் போகாமலும் நிற்கட்டும். கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வரும். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றால் எழுத்துரு தப்பு, நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் சரியாகிவிடும். சப்டைட்டில் படம் முழுக்க ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ விஎல்சி பிளேயரில் ஜி, ஹெச் விசைகளைத் தட்டலாம், ஒரு தட்டுக்கு 50 மில்லிவினாடி நகரும். ஆனால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது வேறு நோய். வினாடிக்கு 25 சட்டக வேகத்துக்குச் செய்த கோப்பை 23.976 வேகப் படத்தோடு ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு மணி நேரப் படத்தில் முடிவுக்கு வரும்போது ஏறக்குறைய ஐந்து நிமிடம் முந்திவிடும், ரோமியோ கல்லறைக்குள் நுழையும் முன்பே அவன் சாகும் வரி திரையில் வந்துவிடும். விசையைத் தட்டி இதைச் சரிசெய்ய முடியாது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றிச் சேமியுங்கள். படத்தின் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வொரு வசனத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கூடத்தில் தரை சமம். முன்னால் உட்கார்ந்தவர் தலை, பின்னால் இருப்பவருக்குக் கீழ் வரியை மறைக்கும். திரையின் அடி தரையிலிருந்து நாலடியாவது உயர இருக்கட்டும். ஒலியிலும் ஒரு சங்கதி. 5.1 என்ற ஆறு சேனல் ஒலியை அப்படியே இரண்டு ஸ்பீக்கரில் விட்டால் துப்பாக்கி காதைக் கிழிக்கும், பேச்சு அமுங்கும், ஏனென்றால் பேச்சு நடுச் சேனலில் இருக்கிறது. ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்கிற அளவுக்கு வைத்துவிட்டுப் பிறகு சண்டையைச் சோதியுங்கள்.

இனி சிரிப்பைப் பற்றி. கூடத்தில் சிரித்தால் படம் தோற்றது என்று ஏற்பாட்டாளர்கள் முகம் வாடிவிடுகிறார்கள். சிரிப்பில் தினுசு உண்டு. முத்தக் காட்சியில் வருவது கூச்சச் சிரிப்பு, பையன்கள் கூட்டத்தில் கிளம்பி அங்கேயே அடங்கும், பெண்பிள்ளைகள் பக்கம் சத்தமே இராது. பயம் தெளிந்த சிரிப்பு ஒரு பதட்டமான காட்சிக்குப் பிறகு கூடம் முழுக்க ஒரே மூச்சில் வரும். நம்பாத சிரிப்பு அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி, அடுத்தவரிடம் பேச்சாக மாறும். பார்க்க வேண்டியது இந்தக் கடைசித் தினுசைத்தான். பக்கவாட்டில் பின்னால் ஒரு பிள்ளையை நோட்டும் கடிகாரமும் கொடுத்து உட்காரவைத்து, எத்தனையாவது நிமிடம், எந்தப் பக்கம், எந்தத் தினுசு என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். படம் முடிந்து சொல்கிற கருத்தைவிட அந்த நோட்டு உண்மை பேசும்.

இன்னொரு முறுமுறுப்பும் வரும். படம் தொடங்கும்போதே தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் வந்து காதலர் இருவரும் சாவார்கள் என்று சொல்லிவிடுகிறார், பிறகு அதே முன்னுரை இன்னொரு குரலில் மறுபடியும் வருகிறது. "முடிவைச் சொல்லிட்டானே, இனி என்னத்தைப் பார்க்க" என்பார்கள் சின்னப் பிள்ளைகள். பெரியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் சாவான், அவன் பெண்டாட்டிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குவார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்து, அந்த இடம் வரும்போது முந்தானையால் முகத்தை மூடுகிறவர்கள் அவர்கள். படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கல்லறைக் காட்சிதான் உச்சம். நாடகப் பிரதியில் ரோமியோ செத்த பிறகே ஜூலியட் கண் விழிக்கிறாள். படத்தில் அவன் அழுதுகொண்டிருக்கும்போதே அவள் விரல் அசைகிறது, கண் திறக்கிறது, அவன் கவனிக்கவில்லை. விஷத்தை வாயில் விடுகிற நேரத்தில் அவள் கை அவன் கன்னத்தைத் தொடுகிறது. அவன் பார்க்கிறான். அவ்வளவுதான், நேரம் கடந்துவிட்டது. அந்த இடத்தில் கூடத்திலிருந்து "ஐயோ" வந்தே தீரும். பிரதியைக் கெடுத்துவிட்டார்கள் என்று படித்தவர்கள் யாராவது சண்டைக்கு வந்தால், 1748-லேயே லண்டன் மேடையில் நடிகர் டேவிட் காரிக், ரோமியோ சாகும் முன் ஜூலியட்டை விழிக்கவைத்தார் என்று சொல்லுங்கள். மேடை கண்டுபிடித்த வலி அது. இந்தப் படத்தில் நான் மெச்சாத இடமும் இங்கேதான் வருகிறது. பிரதியில் இரண்டு அப்பன்மார்களும் கைகோத்து, பிள்ளைகளுக்குப் பொன் சிலை வைக்கிறோம் என்பார்கள். படம் அதை வெட்டிவிட்டது. பிணங்கள், தொலைக்காட்சிப் பெட்டி, முடிந்தது. சனத்தில் பாதிப் பேர் "அப்புறம் சமாதானம் ஆனாங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, படம் அதற்குப் பதில் சொல்லாமல் போயிருக்கக் கூடாது.

வெளியான காலத்திலும் இப்படித்தான் பிளவு. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். இளம்பிள்ளைகள் தியேட்டரை நிரப்பினார்கள், 1997 பெர்லின் படவிழாவில் ரோமியோவாக நடித்த டிகாப்ரியோவுக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது.

சோகத்தைப் பொறுக்கமாட்டாமல் சனம் கதையையே மாற்றச் சொல்வது புதிதில்லை. 1681-ல் நாகும் டேட் என்ற நாடகாசிரியர், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனைப் பிழைக்கவைத்து அவன் மகள் கார்டீலியாவுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்து மேடையில் அந்த முடிவுதான் ஓடியது, 1838-ல் நடிகர் மக்ரீடி பழைய முடிவைத் திரும்பக் கொண்டுவரும் வரை. நம்ம ஊரில் முடிவை விட்டுவிட்டுத் தொடக்கத்தை மாற்றினார்கள். முத்துப்பட்டன் கட்டிய பெண்கள் செருப்புத் தைக்கிற பகடை வீட்டில் பிறக்கவில்லை, பிராமண வீட்டுப் பிள்ளைகள் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு துண்டைச் சேர்த்துவிட்டார்கள். அது பின்னால் செருகியது என்று நாட்டார் பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். முத்துப்பட்டனே தெய்வமாகி நிற்கிற பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை கட்டுகிற வழக்கமோ, அந்தச் செருகலையும் தாண்டி இன்றைக்கும் நிற்கிறது.

இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், பேச்சு தொடங்கியதும் உங்கள் கூடத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "ரெண்டு வீடும் என்ன ஆளுக?" ஷேக்ஸ்பியர் பகைக்குக் காரணமே சொல்லவில்லை, இரண்டு வீடும் அந்தஸ்தில் சமம் என்று முதல் வரியிலேயே சொல்கிறார். அதைச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தி, ஊர்ப் பெயரோ சமூகப் பெயரோ சொல்லவிடாமல் படத்தின் காட்சிக்கே பேச்சைத் திருப்புங்கள். ஆனால் கேள்வியை அடக்கிவிடாதீர்கள். கேட்கிற பிள்ளை எதை நினைத்துக் கேட்கிறது என்று நமக்குத் தெரியும்.

படம் முடிந்த உடனே மைக்கை நீட்டாதீர்கள், அழுதவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பத்து நிமிடம் சுக்குக்காப்பி கொடுங்கள். அரைத்தாளில் பெயர் இல்லாமல் இரண்டே கேள்வி: எந்த இடத்தில் நம்பாமல் போனீர்கள்? யார் நினைத்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம்? இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில்களைச் சத்தமாகப் படித்தாலே ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். பாதிரியார் என்று எழுதுகிறவர்களும் அப்பன் என்று எழுதுகிறவர்களும் மோதிக்கொள்வார்கள், மோதட்டும்.

அடுத்த மாதத்துக்கு மலையாள "ஜோஜி"யை யோசியுங்கள். 2021-ல் திலீஷ் போத்தன், ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை எருமேலிப் பக்கத்து வீடொன்றில் வைத்து எடுத்தது. செங்கோட்டை தாண்டினால் மலையாளம்தானே, பாதிப் பேருக்கு சப்டைட்டிலே தேவைப்படாது. சூனியக்காரிகள் இல்லை, ராஜா இல்லை, இது எப்படி மேக்பெத் என்று வாதம் வரும். அதற்கு ரோமியோ படம் பார்த்த கூட்டமே பதில் சொல்லட்டும்.

சப்டைட்டிலில் முதல் இருபது நிமிடம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி