படத்தின் பெயரோடு ஆண்டையும் சொல்லுங்கள்: தமிழ் வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அறிவிப்பாளர்களுக்கு,

இலங்கை மலையகத்தில் உள்ள டிக்கோயாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்துக்கு) முன்பே ரேடியோ பாடத் தொடங்கிவிடும். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. டிவி பார்ப்பதில்லை. உங்கள் குரல்தான் அவருக்குப் பகல் முழுக்கத் துணை.

போன வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு வானொலிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, ‘எதிர்நீச்சல்’ படத்தில் ஒரு பாட்டு கேட்டேன். அப்பா வாலிபத்தில் அட்டனுக்கு நடந்துபோய்ப் பார்த்த படம் அது. அறிவிப்பாளர் அவர் பெயரை அழகாக வாசித்தார், வாழ்த்தினார். அப்புறம் வந்தது 2013இல் சிவகார்த்திகேயன் நடித்த ‘எதிர்நீச்சல்’ பாட்டு. அப்பா கேட்டது 1968இல் பாலச்சந்தர் எடுத்த படம், நாகேஷ் மாடிப்படி மாதுவாக வருவாரே, அது. இசை வி. குமார். புதியதற்கு இசை அனிருத். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அறிவிப்பாளரை நான் குற்றம் சொல்லவில்லை. நானும் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: படத்தின் பெயரைச் சொல்லும்போது ஆண்டையும் இசையமைப்பாளரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடிகர் பெயரைச் சொன்னால் போதாதா என்று நினைப்பீர்கள். போதாது. ‘விக்ரம்’ 1986இலும் வந்தது, 2022இலும் வந்தது. இரண்டிலும் கமல்ஹாசன்தான் நாயகன்! இளையராஜாவா அனிருத்தா என்று சொன்னால்தான் எந்த விக்ரம் என்று தெரியும். சரி, பாட்டின் முதல் அடியைச் சொன்னால்? ‘பில்லா’வில் அதுவும் உதவாது. 1980இல் ரஜினி நடித்த படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட பாட்டு, 2007இல் அஜித் நடித்த படத்தில் யுவன் சங்கர் ராஜா கையில் புது உருவத்தில் திரும்ப வருகிறது. அடி ஒன்றுதான், குரலும் தாளமும் வேறு. படத்தின் வகையும் கைகொடுக்காது. ‘அதே கண்கள்’ 1967இலும் த்ரில்லர், 2017இலும் த்ரில்லர். முன்னதுக்கு வேதா, பின்னதுக்கு ஜிப்ரான். ‘காக்கிச் சட்டை’, ‘மாவீரன்’, ‘பொல்லாதவன்’, ‘படிக்காதவன்’ என்று இன்னும் எத்தனையோ உண்டு. பழைய பெயரை எடுத்து வைப்பதில் தப்பில்லை, அந்தப் பெயர்மேல் உள்ள பிரியத்தில் வைக்கிறார்கள். ஆனால் திரையில் முகம் தெரியும். ரேடியோவில் பெயர் மட்டும்தானே எங்களுக்குக் கிடைக்கிறது.

இரவில் ஆங்கிலப் பாட்டுப் போடும் தம்பி தங்கைகளுக்கும் இதையே சொல்கிறேன். ‘ரெட்’ என்று சொல்லி நிறுத்தினால் நாங்கள் எதை நினைப்பது? கிங் கிரிம்சன் குழு 1974இல் வெளியிட்ட ராக் ஆல்பம் ‘ரெட்’. 2002இல் அஜித் நடித்த படமும் ‘ரெட்’. 2010இல் ப்ரூஸ் வில்லிஸ் நடித்த ஆக்‌ஷன் காமெடிப் படமும், 2012இல் டெய்லர் ஸ்விஃப்ட் வெளியிட்ட ஆல்பமும் அதே பெயர்தான். ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1977இலிருந்து வரிசையாகப் பல ஆல்பங்களுக்குத் தன் சொந்தப் பெயரையே வைத்தார். குழம்பிப்போன ரசிகர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து முதலாவதைக் ‘கார்’ என்றும், முகம் உருகுவதுபோல் இருந்த மூன்றாவதை ‘மெல்ட்’ என்றும் தாங்களே பெயரிட்டு அழைத்தார்கள். அவர்களுக்குப் பார்க்க ஓர் அட்டை இருந்தது. எங்களுக்கு உங்கள் அறிவிப்புத்தான் அட்டை.

இதை இலங்கைத் தமிழ் வானொலிக்குச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்த மலைநாடு இது. படம், பாடியவர், பாடலாசிரியர், இசை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய அப்பாவின் கொப்பிகள் இன்னும் எங்கள் லய அறையான காம்பராவில் இருக்கின்றன. தேயிலைச் சாயம் படிந்த விரலோடு எழுதியதால் ஓரமெல்லாம் பழுப்பு. அவற்றில் ஆண்டு இல்லை. அப்போது பெரும்பாலும் ஒரு பெயருக்கு ஒரு படம் என்று இருந்ததால் அதற்குத் தேவையும் பெரிதாக இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. இசையமைப்பாளர் பெயரோ பல நிகழ்ச்சிகளில் காணாமலே போய்விட்டது.

நேயர் ஒருவர் தொலைபேசியில் பாட்டுக் கேட்டால், “பழைய படமா, புதுப் படமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு ஐந்து வினாடி ஆகுமா? வயதானவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, நாகேஷ் படம், ரஜினி படம் என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து நீங்கள் பிடித்துவிடலாம்.

தை பிறந்ததும் அப்பாவுக்கு மறுபடி பிறந்தநாள். இந்த முறை இப்படி எழுதி அனுப்பப் போகிறேன்: “எதிர்நீச்சல், 1968, இசை வி. குமார்.” அதை அப்படியே வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். சத்தத்தை நான் கூட்டி வைத்திருப்பேன்.

அன்புடன்,
டிக்கோயாவிலிருந்து ஒரு நேயர்