ஊரடங்கில் மீன் வேட்டை வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்ணூர், 2020 ஜூன் 25

சென்னையில் தூண்டில் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் இருபத்திரண்டு வருடங்களாகத் தூண்டில் போடுகிறேன். முதலில் வெறும் நரம்பும் முள்ளும், அப்புறம் மூங்கில் கழி, இப்போது உங்களைப் போலவே ராடும் ரீலும். ஆகவே, மீன் மாட்டாதவன் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு கிலோ கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்தபடி நானும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது வீட்டு அலமாரியில் இருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கொரோனா முழு ஊரடங்கு முடிகிறவரை மீன் வேட்டை வீடியோக்களைப் பதிவேற்றாதீர்கள்.

எந்த வீடியோவால் இந்த மடல் என்பது உங்களுக்கே தெரியும். போன ஞாயிறு, ஜூன் 21. அமாவாசை, சூரிய கிரகணம், பால் மருந்து தவிர எதுவும் கிடையாது என்ற முழு அடைப்பு, மூன்றும் ஒரே நாளில் வந்தன. அன்று காலை நீங்கள் இரண்டு பேர் முகத்துவாரத்தில் நின்று, ‘கிரகணத்துல கொடுவா கடிக்குமா?’ என்று கேட்டு, கடிக்கும் என்று நிரூபித்து, இரவே பதிவேற்றியும்விட்டீர்கள். தலைப்பில் ‘சீக்ரெட் ஸ்பாட்’ என்று போட்டிருந்தீர்கள். பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் ரயில் பாலமும் பளிச்சென்று தெரிகின்றன. திருவொற்றியூரைத் தாண்டி ஒருமுறை வந்தவனுக்குக்கூட அது எந்த இடம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்டவர்களிடம், அது ஊரடங்குக்கு முன்னால் எடுத்த பழைய வீடியோ என்று சொன்னீர்களாம். சரி. கிரகணத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

நீங்கள் இரண்டு பேர் வந்ததால் எங்கள் பக்கம் நோய் பரவிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அபாண்டம். திறந்த வெளி, கடல் காற்று, பத்தடி இடைவெளி விட்டுத்தான் நின்றீர்கள். ஆனால் வீடியோ அங்கேயே நிற்பதில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து பைக். செவ்வாய்க்கிழமை எண்ணினேன், பதினேழு. ஒரு பைக்குக்கு இரண்டு பேர். எல்லோர் கையிலும் ராடு, செல்போனில் உங்கள் வீடியோ. ‘அண்ணா, இந்தக் கல்லு எங்க இருக்கு?’ என்று என்னிடமே காட்டிக் கேட்டான் ஒரு பையன். முகக்கவசம் தாடையில் தொங்கியது. இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தே போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், வண்டி எடுக்கக் கூடாது என்று 19ஆம் தேதியிலிருந்து ஊரே அடங்கிக் கிடக்கும்போது இவர்கள் எப்படி வந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இ-பாஸ் வாங்கியிருப்பார்களோ? கல்யாணம், மருத்துவம், மரணம் என்று மூன்று காரணங்கள்தான் அதில் எடுபடும் என்கிறார்கள். கொடுவாவுக்கு எதைப் போட்டார்கள்?

செவ்வாய்க்கிழமையே போலீசும் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? பைக்கில் வந்தவர்கள் பைக்கில் பறந்துவிட்டார்கள். நடந்து வந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

அதில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஆற்றில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற அம்மா அவர். வலை கிடையாது, படகு கிடையாது. நீர் வடிகிற நேரம் பார்த்து இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பிடித்ததைப் போட்டுவைக்கும் பறியை, அதாவது பனையோலையில் முடைந்த அந்தச் சின்னக் கூடையை, வாயில் கவ்விக்கொள்வார். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் அப்படியே. பறியின் விளிம்பு பட்டுப் பட்டு உதட்டோரம் இரண்டு பக்கமும் காய்த்துப்போயிருக்கும். மார்ச் 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு தொடங்கி எத்தனையோ நாள் இறங்க முடியாமல், இறங்கினாலும் வாங்க ஆள் இல்லாமல் இருந்தவர். அமாவாசை ஓதத்துக்கு நீர் நன்றாக ஏறி நன்றாக வடியும், நாலு காசு பார்க்கலாம் என்று நம்பி அன்று இறங்கியிருக்கிறார்.

கரையில் நின்றவர்களைத் துரத்திய கையோடு, ‘வெளிய வா’ என்று அவரையும் கூப்பிட்டார்கள். பறியைக் கவ்வியபடியே கரையேறினார். முதல் கேள்வி, ‘மாஸ்க் எங்க?’

மாஸ்க் இருந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று தலைமுடிக் கொண்டையில் செருகி வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டுவதற்காக வாயிலிருந்த பறியைக் கையில் வாங்கினார். அதற்குள் யாரோ தட்டிவிட, முக்கால் கிலோ இறால் மணலில் கொட்டியது. குனிந்து பொறுக்கக்கூட விடவில்லை, ‘கிளம்பு கிளம்பு’ என்று ஒரே விரட்டு. அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்: ‘வாயில பறிய வச்சிக்கினு மாஸ்க்க எங்கண்ணா போட்றது?’ அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள்.

காவலர்களைக் குறை சொல்லலாம். சொல்லவும் வேண்டும். பிழைப்புக்கு இறங்குகிறவர் யார், பொழுதுபோக்குக்கு நிற்கிறவர் யார் என்று பார்த்தாலே தெரியும். மீன்பிடித் தொழிலுக்கு மத்திய அரசு ஏப்ரல் மாதமே ஊரடங்கிலிருந்து விலக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த விலக்கு அவருக்கு, நமக்கு இல்லை. ஆனால் முப்பது நாற்பது பேர் நிற்கிற கரையில் ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கிற பொறுமை வெயிலில் நிற்கிற எந்தக் காவலருக்கும் இருக்காது. அந்த முப்பது நாற்பது பேரைக் கூட்டி வந்தது யார்?

இப்போது குப்பத்து இளைஞர்கள் தெருமுனையில் சவுக்குக் கம்பு கட்டி வழியை அடைத்துவிட்டார்கள். வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. அவர்கள் பயம் நியாயமானது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவுக்கு ஒரு குழாய். அந்தப் பக்கம் தண்டையார்பேட்டை, ராயபுரம் நிலவரம் தினமும் செய்தியில் வருகிறது. நகரத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் புதிதாகத் தொற்று. தொற்று வந்தது என்று வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்துவிட்டுப் போனால் பதினான்கு நாள் அடுப்பு எப்படி எரியும் என்று நமக்குக் கவலை இல்லை, அவர்களுக்கு உண்டு.

‘வீட்டிலேயே அடைந்து கிடக்கிற மக்களுக்கு ஒரு ஆறுதல்’ என்று வீடியோவின் ஆரம்பத்தில் சொல்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பார்க்கிறவனை வீட்டில் உட்கார வைக்கிற வீடியோவா அது? ராடை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்கிற வீடியோ. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுவா துள்ளுவதைப் பார்த்தபின் கை சும்மா இருக்குமா? எனக்கே இருக்கவில்லை.

முகத்துவாரத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் காட்டுவதற்கு இங்கே விஷயமா இல்லை? கொசஸ்தலை ஆற்றில் மின்நிலையச் சாம்பல் வந்து சேர்ந்து, முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்த இடமெல்லாம் மேடு தட்டிக் கிடக்கிறது. அதை ஒருத்தராவது எடுத்தீர்களா? 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, கரையில் ஆட்கள் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்களே, எண்ணூர் மீன் என்றாலே வாங்க மாட்டேன் என்று ஊரே முகத்தைத் திருப்பியதே, அப்போது எத்தனை ராடு இந்தப் பக்கம் வந்தது? மீன் இருந்தால் சீக்ரெட் ஸ்பாட், எண்ணெய் மிதந்தால் நார்த் மெட்ராஸ். நல்ல நியாயம்.

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது வேறு.

பதிவேற்றாதீர்கள். ஏற்கெனவே போட்டதைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். கையிருப்பில் வைத்திருப்பதை ஜூலைக்குத் தள்ளுங்கள், கெட்டுப்போவதற்கு அது மீன் இல்லையே. வருகிற ஞாயிறு, 28ஆம் தேதி, மறுபடியும் முழு அடைப்பு. அன்றைக்கு ஒரு கிளம்பல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வர வேண்டாம் என்று தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன். வந்தே தீருவேன் என்றால் கேமராவையாவது வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். எல்லாம் அடங்கியபின் சொல்லி அனுப்புங்கள், எந்த ஓதத்துக்குக் கொடுவா எந்தக் கல்லோரம் திரும்பும் என்று நானே கூட நின்று காட்டுகிறேன். தேநீர் என் செலவு.

வீடியோவை முழுதாக எடுக்க மனம் வரவில்லை என்றால் ஒன்று மட்டுமாவது செய்யுங்கள். ஏழாவது நிமிடத்தில், உங்களுக்குப் பின்னால், தண்ணீரில் குனிந்தபடி ஒருவர் நகர்ந்து போகிறார். ‘பின்னாடி பாருங்க, வாயில கூடை!’ என்று சிரித்து, அதற்கு ஒரு காமெடி இசையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். அவர் மகன் அதைத் தன் செல்போனில் பார்த்துவிட்டான்.

இப்படிக்கு,
எண்ணூரிலிருந்து ஒரு தூண்டில்காரன்